நண்டு உருட்டிய மணல்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் (இப்போது சுவராஜ் தீவு என்று பெயர்) உள்ள ராதாநகர் கடற்கரைக்கு எல்லோரும் சூரியன் மறைவதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். வெகு கிழக்கே இருக்கும் அந்தமானும் இந்திய நேரத்தையே வைத்திருப்பதால் டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். கூட்டம் மேற்கே பார்த்தபடி நடக்கிறது. அதன் காலடியில் மிதிபடும் ஈர மணலில் இருக்கிறது நான் சொல்ல வந்த அழகு.

கடல் வற்றியதும் அந்த மணலெங்கும் உருண்டைகள் முளைக்கின்றன. மிளகளவு, சில அதைவிடச் சிறியவை. நடுவில் ஒரு வளை; அதிலிருந்து கதிர்கதிராக வெளியே ஓடும் வரிசைகள். கோலம் என்று சொல்ல வாய் வரும். ஆனால் கோலம் வாசலுக்கு வருகிறவர் கண்ணுக்காகப் போடுவது. இதுவோ ஒரு குட்டி நண்டு சாப்பிட்டு முடித்த மிச்சம்!

நண்டு மணலை வாயருகே அள்ளுகிறது. அதில் ஒட்டியிருக்கும் நுண்பாசியையும் மக்கிய துகள்களையும் சலித்து எடுத்துக்கொள்கிறது. சுத்தமான மணலை உருட்டிப் பின்னால் தள்ளிவிடுகிறது. சலித்த மணலையே மறுபடி சலிக்காமலிருக்க அந்த உருண்டைதான் அடையாளம். எத்தனை உருண்டை குவிந்தாலும் வளைக்குத் திரும்பும் ஒரு தடத்தை மட்டும் அடைக்காமல் விட்டுவைக்கிறது. ஆபத்து வந்தால் ஓட வேண்டுமே. பசியும் பயமும் சேர்ந்து வரைந்த சித்திரம் இவ்வளவு ஒழுங்காக அமைந்திருப்பதில் எனக்கு அலுக்காத வியப்பு.

நம் நிழல் விழுந்தால் போதும், அத்தனையும் மறைந்துவிடும். அசையாமல் குந்தியிருக்க வேண்டும். முதல் நிமிடம் மனம் எங்கெங்கோ போகிறது. கைபேசி, பாக்கி வேலை, யாரோ சொன்ன சுடுசொல். பிறகு ஒரு வளையில் இரண்டு கண்காம்புகள் எழும். அப்போது நம் மூச்சு தானாக மெதுவாகிறது. அந்த நண்டுக்கோ மூச்சே வேறு விதம்: அதன் கால்களில் மெல்லிய சவ்வுச் சாளரங்கள் உண்டு, காற்றை அவற்றின் வழியாகவும் வாங்குகிறது. 1986இல்தான் இது ஆராய்ச்சியில் தெளிவானது. காலால் மூச்சு விடும் உயிரைக் கையெட்டும் தூரத்தில் பார்த்துக்கொண்டிருக்கும்போது கவலைக்கு இடம் ஏது?

மகிழ்ச்சியை நின்று ருசிப்பது ஒரு தனித் திறன், பழகினால் வளரும் என்று உளவியலாளர்கள் ஃபிரெட் பிரையண்டும் ஜோசப் வெரோஃபும் 2007இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார்கள். எனக்கு அதில் பிடித்தது, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லும்போது அந்த ருசி கூடுகிறது என்பது.

எல்லோருக்கும் எப்போதும் இது கைகூடாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் இதே தீவுகளில் கடலைப் பார்க்கவே அஞ்சியவர்கள் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸிலிருந்து மனநல மருத்துவர்கள் வந்து துணை நிற்க வேண்டியிருந்தது. மனச்சோர்வு முற்றியவருக்கு எதிலும் ருசி தட்டாது. அது நோயின் குறி, அவருடைய குறை அல்ல. அவரிடம் போய் நண்டைப் பார், பூவைப் பார் என்பது கொடுமை. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணைக் கொடுக்கலாம். அரசின் இலவச உதவி, தமிழிலும் பேசலாம். கூடவே உட்கார்ந்திருக்கலாம்.

மற்ற நாட்களுக்கு, மற்றவர்களுக்கு, இந்த மணல் இருக்கிறது. அடுத்த ஏற்றத்தில் அலை அத்தனையையும் வழித்துக்கொண்டு போகும். வற்றியதும் நண்டு புதிதாகத் தொடங்கும். வற்றம் ஒரே நேரத்தில் வராது, நாளுக்கு நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அதனால் முந்தின நாளே உள்ளூர்க்காரர் ஒருவரிடம் நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை இருந்தால் கூட்டிப்போங்கள். கண்காம்பை முதலில் பார்ப்பது அதுவாகத்தான் இருக்கும்.