வந்தவனைக் குடியாக்கிய வீடு

1626ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் இலங்கையில் தங்கள் ஆட்சிக்குட்பட்ட மேற்குக் கரையிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி அரசன் செனரத் அவர்களுக்கு இடங்கொடுத்தான். சுமார் 4,000 பேரை அவன் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதாகப் பாதிரியார் குவேரோஸ் எழுதிவைத்திருக்கிறார். இன்றைய கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று எல்லாம் அன்று மட்டக்களப்புத்தான். அதற்கு முன்பும் இங்கே முஸ்லிம்கள் இருந்தார்கள். இங்குள்ள முக்குவர் சமூகத்தோடு சேர்ந்து அவர்களின் எதிரிகளான திமிலரை விரட்டிய பட்டாணியர் என்ற முஸ்லிம்கள் இங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்டார்கள் என்று ஒரு வாய்மொழிக் கதையும் உண்டு. எந்தக் காலத்தில், எந்த வழியாக வந்தவர்களாக இருந்தாலும் அவர்களை இந்த மண்ணுக்குரியவர்களாக்கியதில் ஒரு வழக்கத்துக்குப் பெரும் பங்கிருக்கிறது என்பது என் துணிபு. ஆண்பிள்ளை மனைவியின் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். பிள்ளைகள் உம்மாவின் குடியை, அதாவது அவளுடைய தாய்வழிக் குலத்தைச் சேர்வார்கள்.

முக்குவரிடமும் இதே தாய்வழிக் குடிமுறைதான். ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசல் நிருவாகத்தில் மரைக்கார் என்ற ஒரு பிரதிநிதி இருப்பார். வெளியூரிலிருந்து வந்தவனுக்குத் தன் பரம்பரையைச் சொல்லிக்கொள்ள இங்கே ஆளில்லை. ஆனால் அவன் பிள்ளைக்குப் பிறந்த அன்றே குடி உண்டு, மாமன்மார் உண்டு, நிற்க ஒரு வளவு உண்டு. ஒரே தலைமுறையில் ஓர் அந்நியக் குடும்பத்தை ஊர்க் குடும்பமாக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் அறியேன்.

அமெரிக்காவில் குடியேறிய அயர்லாந்துக்காரரோடு ஒப்பிட்டால் இதன் பெறுமதி விளங்கும். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பிறகு இலட்சக்கணக்கானோர் கப்பலேறினார்கள். 1850இல் நியூயோர்க் நகரவாசிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் அயர்லாந்தில் பிறந்தவர். அவர்களை ஏற்றுக்கொள்ள அங்கே மாமியார் வீடு இருக்கவில்லை. நெருக்கடியான வாடகைக் குடியிருப்பும் கத்தோலிக்கக் கோவிலும், அதே 1850இல் தொடங்கிய குடியேறிகள் சேமிப்பு வங்கியும், பிறகு வாக்குரிமையுமாக அவர்கள் தங்கள் இடத்தைத் தாங்களே உண்டாக்க வேண்டியிருந்தது. கலியாணமாகாத இளம்பெண்கள் தனியாகவே போய், பணக்கார வீடுகளில் வேலை செய்து, அந்தச் சம்பளத்தில் ஊரிலிருந்து தங்கையை எடுப்பித்தார்கள்.

நம் வழக்கத்தின் இன்னொரு பலம், வீடு பெண்ணுடையது என்பது. மூத்தவளுக்குத் தாங்கள் இருந்த வீட்டையே கொடுத்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் பக்கத்து வளவுக்குள் இன்னொன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள். அதுவும் பிறகு இளையவளுக்கு. பிரசவமோ நோயோ வந்தால் ராத்தாவும் சாச்சியும் கூப்பிடு தூரத்தில். கணவன் விட்டுப்போனாலும் அவள் தெருவுக்கு வருவதில்லை. இஸ்லாமிய வாரிசு முறையில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. ஆனால் வாப்பா உயிரோடிருக்கும்போதே எழுதிக்கொடுக்கும் வீடு அந்தக் கணக்குக்குள் வராது.

குறை எங்கே என்றால், அந்த வீடு கட்டப்படும் விதத்தில். கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஊர்களில் காணி விலை ஏறிக்கொண்டே போகிறது. மூன்று பெண்பிள்ளைகளைப் பெற்ற மருதமுனை நெசவுக்காரர் ஒருவர் மூன்று வீடு கட்ட வேண்டும். அவரால் முடியாதபோது காக்காமார் தங்கள் கலியாணத்தைத் தள்ளிப்போட்டு உழைக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் வீட்டோடு நில்லாமல் கைக்கூலி என்று மாப்பிள்ளைக்குப் பணமும் கேட்கிறார்கள். அதுவும் போதாதபோது பெண்ணே சவூதிக்கோ குவைத்துக்கோ வீட்டு வேலைக்குப் போகிறாள். அயர்லாந்துப் பெண்ணுக்குப் போன இடத்தில் வாழ்க்கை அமைந்தது. வளைகுடா வீட்டுப் பணிப்பெண்ணை அப்படிக் குடியேற விடாது. கபீல் எனப்படும் எசமானின் கையில்தான் அவள் இருப்பும் திரும்புதலும். மூதூர் ரிஸானா நபீக் வறுமை தாளாமல், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டில் 2005இல் சவூதி போனாள். 2013 ஜனவரியில் அங்கே அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. வந்த ஆணை ஊரோடு கட்டிவைத்த வழக்கம், ஊரிலிருக்கும் பெண்ணைக் கடல்கடந்து அனுப்புகிறதென்றால் அதன் அச்சாணியே கழன்றுவிட்டது என்றுதான் சொல்வேன்.

2004 டிசம்பர் 26 இன்னொரு பலவீனத்தைக் காட்டியது. ஆழிப்பேரலையில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். இழந்த வீடுகளில் பெரும்பகுதி பெண்களின் சீதன வீடுகள். மாற்று வீடு வந்தபோது குடும்பத் தலைவர் என்று ஆணின் பேரே பல இடங்களில் பதியப்பட்டது. தலைமுறைகளாகப் பெண்வழி வந்த உரிமை ஒரு படிவத்தில் கைமாறியது. அதை எதிர்த்து நம் பெரியவர்கள் போதிய அளவு குரல் கொடுக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் சவூதி நிதியில் எழுந்த 500 வீடுகளோ, பங்கீட்டு வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்கில் பூட்டிக்கிடந்தன.

சீதனத்தை முழுதாக ஒழிக்க வேண்டும் என்று ஜும்ஆ மேடைகளில் சொல்கிறார்கள். மணப்பெண்ணுக்கு மஹர் கொடுக்க வேண்டியவன் ஆண்தான் என்ற நியாயம் மறுக்க முடியாதது. ஆனால் வீட்டையும் கைக்கூலியையும் ஒன்றாக்கித் தள்ளினால் பெண்ணுக்கு மிஞ்சுவது வாரிசு முறையில் வரும் அந்த ஒரு பங்குதான். கைக்கூலி போகட்டும், வீடு அவள் பேரில் இருக்கட்டும், அதைக் கட்டும் செலவில் பாதியை மாப்பிள்ளை வீடு சுமக்கட்டும். 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலியைக் காதி நீதிமன்றத்தில் திரும்பக் கேட்கும் உரிமையை மனைவிக்குத் தருகிறது. அந்த வரைவிலக்கணம் பணத்தோடும் அசையும் பொருளோடும் நின்றுவிடுகிறது. மாப்பிள்ளை பேருக்கு எழுதிய வீடும் வளவும் அதற்குள் வருவதில்லை. சட்டத் திருத்தம் பேசுகிறவர்கள் முதலில் கைவைக்க வேண்டிய இடம் இது. அதுவரை, நிக்காஹ் எழுதும்போதே வீட்டு உறுதி யார் பேரில் இருக்கிறது என்று பள்ளிவாசல்கள் கேட்டுப் பதிந்துகொள்ளலாம். அதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.