விஷுவல் ஸ்டுடியோவின் இணைப்புக் கோப்புகள்: நல்ல வசதி, குழப்பும் உரையாடல் பெட்டி

மைக்ரோசாஃப்ட் 1998-இல் ஹைதராபாத்தில் தொடங்கிய இந்திய வளர்ச்சி மையம், விஷுவல் ஸ்டுடியோவுக்காக விஷுவல் ஜே ஷார்ப் என்னும் நிரல்மொழியை உருவாக்கித் தந்தது. 2005 பதிப்போடு அந்த மொழி விடைபெற்றுவிட்டாலும், அந்நகர நிரலாளர் பலருக்கு விஷுவல் ஸ்டுடியோ இன்றும் அன்றாடக் கருவியாகும். அதன் 2022 பதிப்பிலும் தெளிவுபெறாத பகுதி, இணைப்புக் கோப்புகளுக்கான அமைப்புகளே.

இணைப்புக் கோப்பு என்பது, திட்டத்தின் கோப்புறைக்கு வெளியே உள்ள கோப்பை நகலெடுக்காமல், அது இருக்கும் இடத்தை மட்டும் திட்டக் கோப்பில் குறித்துவைக்கும் ஏற்பாடு. வரி கணக்கிடும் நிரலைப் பில்லிங் திட்டமும் அறிக்கைத் திட்டமும் இவ்வாறு பகிர்ந்துகொண்டால், ஒரே இடத்தில் செய்யும் திருத்தம் இரண்டுக்கும் போய்ச் சேரும் என்பதால், வசதியின் பயனில் ஐயமில்லை.

குறை, அதை அடையும் வழியில் இருக்கிறது. ‘ஆட் எக்ஸிஸ்டிங் ஐட்டம்’ பெட்டியில் வெளிக்கோப்பைத் தேர்ந்து ‘ஆட்’ பொத்தானை அழுத்தினால் நகல்தான் உருவாகிறது. ‘ஆட் அஸ் லிங்க்’ என்னும் தேர்வோ அப்பொத்தானின் ஓரத்திலுள்ள சிறு அம்புக்குறிக்குள் ஒளிந்துகிடக்கிறது. அதைக் கவனியாதவர் பகிர்வதாக எண்ணி நகலைத் திருத்திக்கொண்டிருக்க, இரு திட்டங்களின் கணக்கும் ஓசையின்றி வேறுபட்டுப்போகும்.

அடுத்த குழப்பம் பண்புகள் பலகையில் வருகிறது. அங்குள்ள ‘காப்பி டு அவுட்புட் டைரக்டரி’ என்பது, மூலக் கோப்பைத் திட்டத்துக்குள் நகலெடுப்பதைப் பற்றியதன்று. தொகுப்பு முடிந்ததும் நிரல் இயங்கும் கோப்புறைக்கு அக்கோப்பை அனுப்புவதா என்பதைப் பற்றியது. இணைக்கப்பட்ட ஜேசன் அமைப்புக் கோப்பு ‘டூ நாட் காப்பி’ என்ற நிலையிலேயே விடப்பட்டால், தொகுப்பு பிழையின்றி முடியும். ஆனால் இயங்கும் கோப்புறையில் அக்கோப்பைத் தேடும் நிரல், கோப்பு இல்லை என்று கூறி நின்றுவிடும். ‘காப்பி இஃப் நியூவர்’ என்று மாற்றினால் சிக்கல் தீரும்.

இதற்கு மாறாக, எக்ளிப்ஸ் கருவியில் கோப்பை இழுத்துப் போட்டதுமே, நகலா இணைப்பா என்ற கேள்வி எழுகிறது. இணைப்பு எந்த இடத்தைச் சார்ந்தது என்பதையும் அப்பெட்டியிலேயே தேர்ந்துகொள்ளலாம். ஆயினும், பணியிட விருப்பங்கள், திட்டப் பண்புகள் என்னும் இரண்டு இடங்களில் ‘லிங்க்ட் ரிசோர்சஸ்’ என்ற ஒரே தலைப்பு நிற்பதால், அதுவும் குழப்பத்துக்கு முழு விலக்கன்று.

மொத்தத்தில், விஷுவல் ஸ்டுடியோவின் இணைப்பு வசதி நம்பத்தக்கது. அதன் உரையாடல் பெட்டி நம்பத்தக்கதன்று. நகலும் இணைப்பும் சம அளவுப் பொத்தான்களாக நிற்கும்வரை, வெளிக்கோப்பைச் சேர்த்த ஒவ்வொரு முறையும் திட்டக் கோப்பைத் திறந்து, பதிவான பாதை மூல இடத்தையே சுட்டுகிறதா என்று நிரலாளர் சரிபார்த்துக்கொள்வதே பாதுகாப்பு.