ஆற்றல் 'உற்பத்தி' ஆகிறதா?

2023 பிப்ரவரி 11 அன்று ஐதராபாத்தில், உசேன் சாகர் ஏரிக்கரைச் சாலைகளில் ஃபார்முலா ஈ மின்கார்ப் பந்தயம் நடைபெற்றது. சுற்றுக்கு 2.8 கிலோமீட்டர், 18 வளைவுகள். பிரெஞ்சு வீரர் ழான் எரிக் வெர்ஞ், குறைந்துவந்த மின்னாற்றலைச் சிக்கனமாகச் செலவிட்டு வென்றார். பந்தயம் நன்று. அதற்குத் தரப்பட்ட விளக்கந்தான் நன்றன்று.

செலவாகும் ஆற்றலில் 40 சதவீதமேனும் பிரேக் பிடிக்கையில் 'உற்பத்தியாகிறது' என்று பந்தய அமைப்பினர் விளம்பரம் செய்தனர். "அப்படியானால் பெரிய பாட்டரி எதற்கு, சார்?" என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். சுமார் 850 கிலோகிராம் நிறையுள்ள கார் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகையில் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 13 லட்சம் ஜூல். அதை அளித்தது பாட்டரியே. வளைவுக்கு முன் மோட்டார் மின்னாக்கியாக மாறி, அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது; அவ்வளவுதான். காற்றின் தடையிலும் டயர்களிலும் போனது போனதே. பத்து ரூபாய் கொடுத்து நான்கு ரூபாய் சில்லறை வாங்கினால் அது வருமானமா?

வியக்க வேண்டியது வேறு. இந்த மூன்றாம் தலைமுறைக் காரின் பின்சக்கரங்கள் வழக்கமான ஹைடிராலிக் பிரேக் இல்லாமலேயே வடிவமைக்கப்பட்டன! முன்னும் பின்னுமாக 600 கிலோவாட் வரை மீட்கும் மோட்டார்களே வேகத்தைக் குறைக்கின்றன. வளைவுகள் நெருங்கிய நகரச் சாலை இதற்கு ஏற்ற களம். இதைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வரி இருந்திருந்தால், அந்த மாணவர் வேறொரு கேள்வி கேட்டிருப்பார்.