மனை தேடிய இணையர்

வீடு என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. மாந்தர் குடியிருக்கும் மனையும் வீடு. பற்றறுத்த உயிர் அடையும் பேறும் வீடு. பின்னதைப் பற்றி நம் முன்னோர் எழுதிக் குவித்துள்ளனர். முன்னதைப் பற்றி, அதிலும் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து மனை தேடி, விலை கேட்டு, கையிருப்பை எண்ணிப் பார்த்து, வாங்கிக் குடிபுகும் முயற்சியைப் பற்றி நம் இலக்கியம் மிகுதியாகப் பேசியதில்லை. காதலுக்கும் போருக்கும் கிடைத்த இடம் கடன் பத்திரத்திற்குக் கிடைக்கவில்லை. கேரி தீவு போன்ற தோட்டப்புறங்களில் வாழும் நம்மவருக்கோ, கடந்த இரண்டு தலைமுறைகளாக இதுவே வாழ்வின் பெருஞ்செயலாக இருந்து வருகிறது. ஆகவே இக்குறையைச் சற்று ஆராய்வது பொருந்தும்.

சிலப்பதிகாரத்தை நீதியின் காப்பியமாகப் படித்துப் பழகிய நாம், மனையிழந்த இருவரின் கதையாகவும் அதனைப் படிக்கலாம். மனையறம்படுத்த காதையில் கோவலனின் தாய் மணமக்களுக்குத் தனிமனை அமைத்துத் தருகிறாள். பொருளும் ஏவலரும் அம்மனையோடு சேர்ந்தே வருகின்றனர். அதன்பொருட்டு அவ்விருவரும் ஒரு காசும் ஈட்டியவர் அல்லர். செல்வமெல்லாம் தொலைந்த பின், சிலம்பை முதலாகக் கொண்டு இழந்ததை மீட்கலாம் என்னும் எண்ணத்துடன் மதுரைக்குப் புறப்படுகின்றனர். மதிற்புறத்தே கவுந்தியடிகளின் காவலில் மனைவியை இருத்திவிட்டு, கோவலன் நகருக்குள் செல்வதை ஊர்காண் காதை விரித்துரைக்கிறது. பொன் வணிகர் வீதி, மணி விற்கும் வீதி, அறுவை வீதி, கூல வீதி என அவன் கண்டு களித்த வீதிகள் பல. ஆயினும், கண்ணகி தங்க ஒரு சிறு மனை எங்கே கிடைக்கும் என்று அவன் எவரையும் வினவியதாக இளங்கோவடிகள் பாடவில்லை. அவ்வினாவைத் தம் பொறுப்பாக ஏற்றவர் மனைவாழ்வைத் துறந்த கவுந்தியடிகள். விடை தந்தவள் ஆயர்குலத்து மாதரி.

மாதரி தந்தது செம்மண் பூசிய, காவல் பொருந்திய ஒரு சிற்றில். பலாக்காயும் வெள்ளரியும் மாதுளங்காயும் சாலியரிசியும் அங்கே வந்து சேர்கின்றன. மாதரியின் மகள் ஐயை துணைநிற்க, கண்ணகி தன் கையால் சமைத்து, வாழையிலை விரித்துக் கணவனுக்குப் படைக்கிறாள். அவ்வீட்டில் அவர்கள் வாழ்ந்த இல்லறம் அந்த ஒரு வேளை உணவே. உணவு முடிந்ததும் கோவலன் சிலம்போடு வெளியேறிவிடுகிறான். வகுப்பறையில் இப்பகுதியை வரப்போகும் கொலைக்கு முன்னறிகுறியாக மட்டும் விளக்கிக் கடந்துவிடுவது நம் ஆசிரியர் பலரின் வழக்கம். அந்த வீடு யாருடையது, எத்தனை நாளைக்கு, எந்த உரிமையால் அவர்கள் அதில் இருக்கலாம் என்று ஒரு மாணவனைக் கேட்டுப் பாருங்கள். தோட்டத்துப் பிள்ளையாயின் விடை உடனே வரும்.

ஏனெனில் அவன் பிறந்ததும் கொடுக்கப்பட்ட வீட்டில்தான். கோல லங்காட் மாவட்டத்தில், லங்காட் ஆறு நிலத்தினின்று பிரித்து வைத்துள்ள இத்தீவு, எட்வர்ட் வேலண்டைன் கேரி என்னும் ஆங்கிலத் தோட்ட முதலாளியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. (அவர் வருவதற்கு முன்பே இங்கு வாழ்ந்த மா மெரி மக்களைத் தீவின் பெயர் அறியாது.) இரப்பர் நட்ட மண்ணில் பின்னர் செம்பனை வந்தது, நிறுவனங்களின் பெயர்களும் மாறின. லயத்து வீடு மட்டும் என்றும் வேலையோடு ஒட்டியதாகவே இருந்தது. வேலை உள்ளவரை வீடு. ஓய்வு பெற்றாலோ வேலை நீங்கினாலோ சாவியை ஒப்படைக்க வேண்டும். 1966ஆம் ஆண்டிலும் 1990ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட தொழிலாளர் வீடமைப்புச் சட்டங்கள் அறையும் நீரும் எவ்வளவு இருத்தல் வேண்டும் எனக் கூறின. உரிமை பற்றிக் கூறவில்லை. தோட்டத் துண்டாடலின்போது துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளரின் சிறுசேமிப்பைக் கொண்டு தோட்டங்களையே வாங்கியது. பெருமைக்குரிய செயல் அது. எனினும் அதிலும் தொழிலாளி பெற்றது பங்குரிமையே. தான் குடியிருந்த மனைக்குப் பட்டா பெற்றானில்லை.

அடைக்கலமாகக் கிடைத்த வீட்டைத் தன்னதென்று நம்புவதன் துயரத்தை, நம் நாட்டு எழுத்தாளருள் கே. எஸ். மணியம் போல் எழுதியவர் அரியர். 1981இல் வெளிவந்த 'தி ரிட்டர்ன்' ஆங்கில நாவல்தான். ஆயினும் அதில் மூச்சுவிடுவது நம் வாழ்க்கை. தமிழகத்திலிருந்து பிள்ளைகளுடன் வந்த பெரியாத்தா பாடுபட்டு வீடு கட்டுகிறாள்; பல்லாண்டு வாழ்ந்த பின்னரே அந்நிலத்துக்குரிய தாள் எதுவும் தன்னிடம் இல்லை என்பதை அறிகிறாள். அவள் மகனும் ஆற்றோரத்தில் உரிமையில்லா நிலத்தில் வீடெழுப்பி, முடிவில் அதற்குத் தீயிட்டுத் தானும் மாய்கிறான். இரு தலைமுறையும் மண்ணை நேசித்தன. நில அலுவலகத்தின் படியேறும் முறையை அறியவில்லை. நாவலின் வலிமை இதுவே. அதன் குறையும் இங்குதான் உளது என்பேன். வீட்டாசை அந்நாவலில் ஓர் ஆவேசமாகவே வளர்கிறது. கணவனும் மனைவியும் விளக்கடியில் அமர்ந்து கணக்குப் பார்க்கும் அமைதியான பொழுதுக்கு அதில் இடமில்லை.

அப்பொழுதை நாம் காண்பது எழுத்தில் அன்று, திரையில். பாலு மகேந்திராவின் 'வீடு' 1988இல் வெளிவந்தது. தமிழில் சிறந்த படத்திற்கான தேசிய விருதும், அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருதும் பெற்றது. வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலையில் சுதாவும், அவளை மணக்கவிருக்கும் கோபியும் சென்னைத் தெருக்களில் வீடு தேடி அலைகின்றனர். பின்னர், தாத்தா முருகேசனின் இரண்டு மனைகளுள் ஒன்றை விற்று மற்றொன்றில் கட்டத் துணிகின்றனர். அதன்பின் படம் முழுவதும் கணக்கே: அனுமதிக்கு எவ்வளவு, சிமெண்டுக்கு எவ்வளவு, அலுவலகக் கடன் எவ்வளவு. ஒப்பந்தக்காரர் சிமெண்டைத் திருடுகிறார். அதனைக் காட்டிக் கொடுப்பவள் சித்தாளான மங்கம்மா. இத்தனை தொகைகளையும் பேசும் ஒரு கதை சலிப்புத் தட்டாதிருப்பது வியப்பு. காரணம், ஒவ்வொரு தொகைக்குப் பின்னும் இவ்விருவரின் உறவு சோதிக்கப்படுகிறது. கோபி உதவுகிறான், சில வேளை சுடுசொல்லும் எழுகிறது, மறுநாள் மீண்டும் இருவரும் செங்கல் பார்க்கச் செல்கின்றனர். காதற்பாட்டு ஒன்றுமின்றிக் காதலைக் காட்டிய படம் அது. சொக்கலிங்க பாகவதர் குடையுடன் வந்து, முடிவுறாத சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் காட்சியைக் காணாத தமிழாசிரியர் காண்பது நன்று. இறுதியில் அந்நிலம் குடிநீர் வாரியத்தால் முன்பே கையகப்படுத்தப்பட்டது எனத் தெரிகிறது. பெரியாத்தா அறிந்த அதே செய்தியை, படித்த சுதாவும் அறிய நேர்கிறது.

படத்தின்மீது எனக்கு ஒரு வினா உண்டு. மங்கம்மா எங்கே குடியிருக்கிறாள்? பிறர்க்கு வீடு கட்டும் அவளுடைய வீட்டைக் காமிரா தேடிச் செல்லவில்லை. தோட்டப்புறத்திலிருந்து பார்ப்பவர்க்கு அவளே நம்மவள்.

அந்த மங்கம்மா தன் கணவனுடன் வீடு வாங்கப் புறப்படும் கதையே நம் எழுத்தாளர் முன் காத்திருக்கிறது. சிறுகதைப் போட்டிகளுக்கு வரும் தோட்டப்புறக் கதைகளைப் படித்து மதிப்பிடும் வாய்ப்பு எனக்குப் பலமுறை அமைந்ததுண்டு. லயம் இடிபடுகிறது; முதியவர் ஒருவர் இரப்பர் மரத்தடியில் சாய்ந்து உயிர் விடுகிறார்; பிள்ளைகள் நகரத்தில் நன்றி மறந்து வாழ்கின்றனர். இவ்வச்சில் வார்க்கப்பட்டவை எத்தனையோ! அவற்றில் கண்ணீர் உண்டு, உண்மையும் ஓரளவு உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைகள் நன்றி மறந்தவர்கள் என்று யார் முடிவு செய்தது? ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி, பாந்திங்கிலும் தெலுக் பங்லிமா காராங்கிலும் தாமான் தாமானாகச் சென்று வீடு பார்க்கும் இளந்தம்பதியரை இக்கதைகள் அறிந்தனவாகத் தோன்றவில்லை. நாட்கூலிக்காரரின் சம்பளச் சீட்டைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கும் வங்கி, முன்பணத்துக்காகக் கரையும் சேமநிதி, அடகுக்குச் செல்லும் தாலிக்கொடி, இவையெல்லாம் நாடகத் தன்மை மிக்கவை. சிலம்பு விற்கப் போனவனின் மரபில் வந்த நமக்கு, நகை விற்கப் போகும் ஒரு பெண்ணின் நடையை எழுதத் தெரியாமற் போனது ஏன்?

இதில் எனக்கும் ஒரு தன்னலம் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஒரு குடும்பம் தாமானில் வீடு வாங்கினால், தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பதிவேட்டில் இரண்டு மூன்று பெயர்கள் குறைகின்றன. பத்துக் குடும்பம் வாங்கினால் ஒரு வகுப்பே குறைகிறது. ஆகவே தலைமையாசிரியர்களாகிய நாங்கள் மேடையில் சொந்த வீடு வாங்குங்கள் என்று முழங்கிவிட்டு, அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரும் பெற்றோரைக் கண்டு முகம் வாடுகிறோம். லயத்தின் அழிவைப் பாடும் கதைகள் எங்களைப் போன்றோரின் இந்த வாட்டத்தையே எதிரொலிக்கின்றன. அதனால்தான் அவற்றுக்குப் பரிசும் எளிதில் கிடைக்கிறது போலும். வீடு வாங்கியவளின் பக்கமிருந்து அதே நாளை எழுதினால் வேறொன்று புலப்படும். அவள் விறகடுப்பையும் வாழைக்கன்றையும் மாரியம்மன் திருவிழாவையும் விட்டு வருகிறாள். விட்டு வருவது அவளுக்கும் வலிக்கிறது. ஆனால் அவள் தாயார் ஓய்வு பெற்ற மாதத்தில் சாவியை ஒப்படைத்த காட்சி அவள் நினைவில் இருக்கிறது. தன் பிள்ளைகள் அக்காட்சியைக் காணக்கூடாது என்பதற்காகவே முப்பதாண்டுக் கடனுக்குக் கையெழுத்திடுகிறாள். அப்பத்திரத்தில் கணவன் பெயருக்குக் கீழே அவள் பெயரும் இருக்கிறது. கண்ணகிக்கும் பெரியாத்தாவுக்கும் அத்தகைய தாள் ஒன்று இருந்ததில்லை.