மூவர் பாடிய நூறு

1488ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சோகி, ஷோஹகு, சோச்சோ என்னும் ஜப்பானியக் கவிஞர் மூவர் ஒருங்கமர்ந்து நூறு பாடல்கள் கொண்ட தொடரொன்றை இயற்றினர். 1239இல் மறைந்த கோ-தோபா என்னும் பேரரசரின் நினைவாக மினாசேயில் அமைந்த திருக்கோயிலுக்கு அது காணிக்கையாக்கப்பெற்றது. சோகி ஆசான், ஏனைய இருவரும் அவர்தம் மாணாக்கர். 'ரெங்கா' எனப்படும் தொடர்ப்பாட்டு வகைக்குத் தலைசிறந்த சான்றாக அறிஞர் காட்டுவது இதனையே. எனினும் இதன் ஆசிரியர் யார் என வினவின், ஒருவர் பெயரைச் சுட்டுதற்கில்லை. நானூறு ஆண்டுகளுக்குப் பின் எழுந்த வழக்கிற்கு இதுவே வித்தாயிற்று.

ரெங்காவின் விதிகள் பல. 17 ஒலியலகு கொண்ட பாடலை ஒருவர் பாட, 14 ஒலியலகு கொண்ட பாடலால் அடுத்தவர் அதனைத் தொடர்வார். தொடக்கப் பாடல் பருவத்தைச் சுட்டவேண்டும். நிலவும் மலரும் வருதற்குரிய இடங்கள் வகுக்கப்பட்டுள்ளன. சில சொற்கள் நூறு பாடல்களில் ஒரேயொரு முறைதான் வரலாம். நிஜோ யோஷிமோத்தோ 1372இல் இவ்விதிகளைத் தொகுத்து நிலைப்படுத்தினார். அவையில் எழுத்தர் ஒருவர் இருப்பார்; விதி பிறழ்ந்த பாடலை, பாடியவர் எத்துணைப் பெரியவராயினும், அவர் திருப்பி அனுப்பலாம்.

இவற்றுள் உயிரான விதி ஒன்றுண்டு. ஒவ்வொரு பாடலும் தனக்கு முந்திய பாடலோடு பொருந்தவேண்டும். அதற்கும் முந்தியதை விட்டு விலகவேண்டும். நிலவொளியில் ஒருவர் பாலத்தின்மேல் நிற்பதாக முதற்பாடல் அமைகிறது எனக் கொள்க. மடல் இன்னும் வந்திலது என்று இரண்டாமவர் பாடினால், நிற்பவர் காதலர் ஆகிவிடுகிறார். மூன்றாமவரோ அம்மடலை எல்லைப்புறத்துப் போர்வீரனிடமிருந்து வரவேண்டிய மடலாக்கிவிடலாம். பாலமும் நிலவும் அங்கே மறைந்தாகவேண்டும். முதற்கவிஞர் தம் பாடலில் எண்ணிய பொருள் இரண்டு அடியெடுப்பிற்குள் பிறர் உடைமையாகி, பின்னர் இல்லாமலே போய்விடுகிறது. அதனைப் பொறுத்துக்கொள்ளும் பயிற்சியே ரெங்கா எனலாம்.

தமிழ் மாணவர்க்கு இவ்விடத்தில் அந்தாதி நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால் ஒப்புமை மேலோட்டமானதே. அந்தாதியில் சொல் தொடர்கிறது. பெரும்பாலும் ஒரே புலவர், ஒரே பாட்டுடைத் தலைவனைப் பாடி, இறுதியில் தொடங்கிய சொல்லுக்கே மீண்டு மண்டலிக்கிறார். ரெங்காவில் மீளுதல் குற்றம்.

1890களில் மாசாஒகா ஷிகி இக்கலையை வன்மையாகத் தாக்கினார். தொடக்கப் பாடல் இலக்கியம். தொடர்ப்பாட்டு இலக்கியமன்று என்பது அவர் தீர்ப்பு. உணர்ச்சிக்கு இடந்தராது மாற்றத்தையே இது போற்றுகிறது என்பது அவர் கூறிய காரணம். அக்குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட இயலாது. விதியை மட்டுமே காத்துப் பாடப்பெற்ற தொடர்கள் உயிரற்ற சடங்காயின என்பது உண்மை. ஆயினும் ஷிகி கைக்கொண்ட அளவுகோல், ஓருள்ளத்தின் ஓருணர்ச்சியை நாடும் தனிப்பாடலுக்கு உரியது. ஓடும் ஆற்றைக் குளமில்லை என்று பழித்தலும் இஃதும் ஒன்றே.

1969இல் மெக்சிகோக் கவிஞர் ஒக்தாவியோ பாஸ் பாரிசில் பிற நாட்டுக் கவிஞர் மூவருடன் கூடி ரெங்கா ஒன்றை இயற்றினார். பாராட்டத்தக்க துணிவு. ஆனால் நால்வரும் தத்தம் மொழியில் எழுதினர். வடிவமோ ஐரோப்பியச் சானட். எந்த அடி எவருடையது என்பதை மொழியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. அருகருகே அமர்ந்தனரேயன்றி, ஒருவர் பொருளை மற்றவர் கவர்ந்துகொள்ள அவர்கள் முழுதும் இடந்தந்தாரில்லை.

மினாசேத் தொடரின் முதற்பாடலைச் சோகி பாடினார். கோ-தோபா முன்னர் அவ்வூரைப் பற்றிப் பாடிய பாடலொன்றை அது நினைவூட்டுகிறது. அரசர் விட்ட இடத்திலிருந்து ஆசான் தொடர்கிறார். தம் பாடலை இரு மாணாக்கரிடமும் விட்டு, அவர்கள் அதனை வேறொன்றாக்கிய பின்னரே மீண்டும் வாய்திறக்கிறார்.