கோலார் வட்டாரத் தெய்வ வழிபாடும் ‘சிறுதெய்வம்’ என்னும் பகுப்பும்

முன்னுரை

தமிழில் தெய்வ வழிபாடு குறித்த ஆய்வுகள் பெருந்தெய்வம், சிறுதெய்வம் என்னும் இருவகைப் பகுப்பை நெடுங்காலமாகப் பின்பற்றி வருகின்றன. ஆகம முறைப் பூசை, வடமொழி மந்திரம், அரசு ஆதரவு, கற்றளி ஆகியன பெருந்தெய்வத்திற்கு உரியனவாகவும், உயிர்ப்பலி, எல்லைப்புற இருப்பு, எழுதா மரபு ஆகியன சிறுதெய்வத்திற்கு உரியனவாகவும் கொள்ளப்படுகின்றன. இப்பகுப்பு எந்த அளவிற்குப் பொருந்துகிறது என்பதனைக் கருநாடக மாநிலம் கோலார் தங்கவயலை அடுத்த பேத்தமங்களா வட்டாரச் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லின் வரலாறு

‘சிறுதெய்வம்’ என்பது ஆய்வாளர் படைத்த கலைச்சொல் அன்று. திருநாவுக்கரசர் தம் மறுமாற்றத் திருத்தாண்டகத்தில் இச்சொல்லை ஆண்டுள்ளார். சிவனையன்றிப் பிறரைச் சாராத உறுதியைப் புலப்படுத்தவே அங்கு அது வருகின்றது. ஒரு சமயத்தார் பிற வழிபாடுகளை மறுக்கக் கையாண்ட சொல், நடுநிலை ஆய்விற்கு உரிய பகுப்பாக மாறியமை நோக்கத்தக்கது. துளசி இராமசாமியின் ‘நெல்லை மாவட்ட நாட்டுப்புறத் தெய்வங்கள்’ (1985), தொ. பரமசிவனின் ‘தெய்வங்களும் சமூக மரபுகளும்’ (1995) போன்ற நூல்கள் இத்துறையை வளப்படுத்தின. ‘நாட்டார் தெய்வம்’, ‘நாட்டுப்புறத் தெய்வம்’ என்னும் சொற்களும் நிலைபெற்றன. எனினும் பெயர் மாறிய அளவிற்குப் பகுப்பின் அடிப்படை மாறவில்லை எனலாம்.

பிடாரியும் சோழ அரசும்

பேத்தமங்களா பாலாற்றங்கரையில் அமைந்த ஊர். விஜயாதித்தமங்கலம் என்பது இதன் பழம்பெயர். இவ்வட்டாரம் சோழர் ஆட்சியில் நிகரிலிசோழ மண்டலத்தைச் சார்ந்திருந்தது. கோலார் அக்காலத்தில் குவளாலம் எனப்பட்டது. நன்னூல் தோன்றக் காரணமாயிருந்த சீயகங்கன் ‘குவளாலபுர பரமேசுவரன்’ என விருதுப்பெயர் பூண்டிருந்தமை, இந்நிலப்பகுதிக்கும் தமிழ்ப் புலமை மரபிற்கும் உள்ள தொடர்பினை உணர்த்தும்.

இன்று கோலாரம்மா என வழங்கும் தேவியைச் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் பிடாரியார் எனக் குறிக்கின்றன. பி. லூயிஸ் ரைஸ் 1905இல் பதிப்பித்த கோலார் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியில் இவை இடம்பெற்றுள்ளன. செங்கல்லால் இருந்த இக்கோயில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் கல்லால் எடுப்பிக்கப்பட்டது. முதலாம் குலோத்துங்கனின் தொடக்க ஆட்சிக்காலக் கல்வெட்டோ வியாகரணமும் யாமளமும் உரைப்பார்க்கு இக்கோயிலில் இடம் இருந்ததைப் பதிவுசெய்கிறது. யாமளம் சாக்த நெறிக்குரிய தந்திர நூல்வகையாகும்.

பிடாரி என்னும் பெயரைக் கண்டவுடன் சிறுதெய்வம் என வகைப்படுத்தும் வழக்கத்திற்கு இச்சான்று நேர் எதிரானது. அரசாணை, கற்றளி, நூற்பயிற்சி ஆகிய மூன்றும் இங்கு ஒரு பிடாரிக்கு உரியனவாக உள்ளன. அக்கோயிலிலேயே தேள்கடியிலிருந்து காப்பவளாகச் சேளம்மா வழிபடப்படுகிறாள். ‘சேளு’ என்பது தேளைக் குறிக்கும் கன்னடச் சொல். ஒரே கூரையின்கீழ் நூல்வழி மரபும் அன்றாட அச்சம் தீர்க்கும் வழிபாடும் பிரிவின்றி இயங்குகின்றன.

காணும் முறை

வழிபடும் முறையிலும் இவ்வொற்றுமை புலனாகிறது. கோலாரம்மாவின் திருமேனியை நேரே நோக்காது எதிரிலுள்ள கண்ணாடியில் காண்பது வழக்கம். பேத்தமங்களாவிற்கு அணித்தாகக் குட்டஹள்ளியில் உள்ள பங்காரு திருப்பதியில் வேங்கடேசுவரரை ஆறு துளைகள் கொண்ட பலகணி வழியே காண்கின்றனர். ஆறு துளைகளும் காமம் முதலிய அறுபகையை வெல்வதைச் சுட்டுவதாக விளக்கம் தரப்படுகிறது. ஒன்று உக்கிர தேவி. மற்றொன்று வைணவப் பெருங்கோயில் மரபு. இரண்டிலும் தெய்வக் காட்சி இடையீட்டின் வழியே நிகழ்கிறது. விளக்கங்கள் வேறுபடினும் வழிபாட்டின் வடிவம் ஒன்றே.

சுரங்கமும் அம்மனும்

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தங்கவயலில் அகழ்வுப் பணியைத் தொடங்கியபின் வடஆர்க்காட்டுத் தமிழர், பெரும்பாலும் ஆதிதிராவிட மக்கள், இங்குக் குடியேறினர். பேத்தமங்களா ஏரியின் நீர் அவர்களுடைய குடியிருப்புகளுக்குச் சென்றது. அக்குடியிருப்புகளில் மாரியம்மன் கோயில்கள் எழுந்தன. பாறை வெடித்துச் சிதறும் ஆபத்து நிறைந்த ஆழ்சுரங்கத்தில் உழைத்தோரின் காவல் தெய்வம் அவள்.

ஆனால் அம்மக்கள் மரபை ஏற்றவர்களாக மட்டும் இருக்கவில்லை. அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வலுவாக வேரூன்றியது. அம்மனைப் பௌத்த மரபின் அம்பிகையாக அவர் விளக்கினார். ஜி. அப்பாதுரையார் 1926இல் ‘தமிழன்’ இதழைத் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிக்கொணர்ந்தார். வழிபடுவோரே தம் தெய்வத்தின் பொருளை விவாதித்த இடத்தில், புறத்திலிருந்து இடப்படும் ‘சிறுமை’ எவ்வகையிலும் பொருந்தாது. வழிபாட்டைத் தாழ்த்தும் பகுப்பு வழிபடுவோரையும் தாழ்த்துகிறது என்பதை மறத்தலாகாது.

1980இல் கம்மசந்திராவில் தொடங்கிய கோடிலிங்கேசுவரர் கோயிலும் இங்குக் கருதத்தக்கது. அங்கு அன்பர்கள் தத்தம் பெயரில் இலிங்கம் நிறுவுகின்றனர். தெய்வம் சிவன், வழிபாட்டு முறையோ நேர்த்திக்கடனுக்கு உருவாரம் வைக்கும் ஊர்க்கோயில் வழக்கத்தை ஒத்தது. பெருந்தெய்வமும் இப்பகுப்பிற்குள் அடங்கவில்லை என்பதற்கு இது சான்று.

முடிவுரை

தெய்வங்களை அளவால் பிரிப்பதைவிட, யார், எத்தேவைக்கு, எம்முறையில் வழிபடுகின்றனர் என வினவுவதே பயன் தரும். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின் தங்கவயல் மக்கள் பலர் வேலை நாடி வெளியூர் செல்லலாயினர். அவர்தம் வழிபாட்டு வாய்மொழிகளைத் தொகுத்தல் காலம் தாழ்த்தக்கூடாத பணி. மாநில எல்லையைக் காரணமாக்கித் தமிழாய்வு இவ்வட்டாரத்தைக் கைவிடுமாயின், குவளாலத்துப் பிடாரி தரும் சான்றும் மாரிக்குப்பத்து மக்கள் நிகழ்த்திய விவாதமும் தமிழ்ச் சமய வரலாற்றில் இடம்பெறாமலே போய்விடும்.