பூட்டுக்கு ஒரு குறிப்பு

உங்களிடம் ஆண்ட்ராய்ட் போன் இருந்தால் அதன் அடியில் லினக்ஸ் கெர்னல் இருக்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கரு. அதற்குள் ஒரே சமயத்தில் பல வேலைகள் நடக்கும். ஓர் இடத்தில் 5 என்று எழுதியிருக்கிறது. இரண்டு பேர் அதைப் படித்து, ஆளுக்கு ஒன்று கூட்டி, 6 என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். 7 வந்திருக்க வேண்டும். ஒன்றைக் காணோம்! இதை 'ரேஸ்' என்பார்கள். எப்போதோதான் நடக்கும். டெஸ்ட் பண்ணும்போது சமர்த்தாக இருக்கும்.

வைத்தியம், பூட்டு. உள்ளே போகிறவர் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள, மற்றவர் காத்திருப்பார். சரி, எந்தத் தகவலுக்கு எந்தப் பூட்டு? பெரும்பாலும் அது எழுதினவர் மனசில் இருக்கும். மிஞ்சிப்போனால் ஒரு கமெண்ட்டில். கமெண்ட்டை கம்பைலர் படிக்காது. புதுசாக வருகிறவரும் படிக்க மாட்டார்.

அதைக் கம்ப்யூட்டரே படித்துச் சரிபார்க்கும்படி எழுதுவதுதான் 'அனோட்டேஷன்'. புரோகிராமை ஓட்டாமல், படித்தே தப்பு சொல்லும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2003-ல் தொடங்கிய 'ஸ்பார்ஸ்' இந்த வகை. ஆனால் அது ஒரு கணக்குப்பிள்ளை. போட்ட பூட்டும் திறந்த பூட்டும் எண்ணிக்கையில் டாலியானால் போதும், எந்தப் பூட்டு என்று கேட்காது. 'க்ளாங்' கம்பைலர் ஒரு படி மேல். தகவலின் பக்கத்திலேயே அதன் பூட்டின் பெயரை எழுதிவைத்தால், பூட்டாமல் தொடுகிறவரை கம்பைல் பண்ணும்போதே அதட்டும். கூகுளின் ஃப்யூஷியாவுக்கான 'ஸிர்கான்' கெர்னலில் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

குறை இல்லையா? இருக்கிறது. சில சமயம் சரியான கோடைப் பார்த்தும் தொணதொணக்கும். 'இந்த ஃபங்ஷனை மட்டும் கண்டுக்காதே' என்று சொல்லவும் ஒரு அனோட்டேஷன் உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு அதைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதவர் மகான்.

பெரிய குறை வேறு. 'டர்ட்டி கௌ' என்ற ஓட்டை லினக்ஸில் 2007-லிருந்து இருந்து, 2016-ல்தான் அடைபட்டது. அதன் வழியாக, படிக்க மட்டுமே அனுமதி உள்ள ஃபைலில் எழுதி, சாதாரண யூசர் சர்வாதிகாரி ஆகலாம். அங்கே பூட்டுக்குப் பஞ்சமில்லை. ஒரு பூட்டைத் திறந்து மறுபடி மூடுகிற சந்தில் நிலைமை மாறிவிட்டது. 'பூட்டினாயா?' என்று மட்டும் கேட்கிற காவல்காரனுக்கு இது தெரியாது.

இருந்தும் என் ஓட்டு அனோட்டேஷனுக்குத்தான். அது பிடிக்கிற தப்பைவிட, எழுத உட்காரும்போது நம்மைக் கேட்கிற கேள்வி முக்கியம்: 'இதற்கு யார் காவல்?' ஒரு வரியில் பதில் எழுத வரவில்லையா? கெர்னலை இன்னொரு தடவை யோசியுங்கள்.